பூனைக்குட்டிக்குப் பசும்பால் புகட்டும் படம் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு இணைப்பில், கண் திறந்து சில நாள்களே ஆன பூனைக்குட்டி ஒன்றை ஒரு சிறுமி மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கைக்குழந்தைக்கான பால்புட்டியால் பசும்பால் புகட்டும் வண்ணப்படம் கால் பக்கத்துக்கு வெளியாகியிருந்தது. படம் அழகாக இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிந்த அக்கறையும் உண்மையானது. ஆனால் அந்த ஒரே படத்துக்குள் குட்டியின் உயிரைப் பறிக்கக்கூடிய மூன்று தவறுகள் இருக்கின்றன. புட்டிக்குள் இருந்த பால் ஒன்று, புட்டியே ஒன்று, படுக்கவைத்த விதம் மூன்றாவது. சென்ற ஆண்டு இத்தகைய தவறுகளைச் செய்து இரண்டு குட்டிகளை என் வீட்டிலேயே சாகவிட்டவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

நான் அஞ்சல் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சென்ற பங்குனியில் எங்கள் வீட்டுப் பரணில், பழைய பாய்களுக்கும் பித்தளை அண்டாவுக்கும் இடையில் தெருப்பூனை ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. பத்து நாள் கழிந்திருக்கும். ஒரு மாலை வெளியே போன தாய் திரும்பவில்லை. கடைவீதித் திருப்பத்தில் அது வண்டியில் அடிபட்டுக் கிடப்பதாக மறுநாள் காலை பால்காரர் வந்து சொன்னார். பரணில் கத்தல் ஓயவில்லை. குட்டிகளைக் கீழே இறக்கி, பேரப்பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை என் மனைவி தேடியெடுத்து, காய்ச்சி ஆறிய பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றினாள். பூனை என்றால் பால் என்பது நம் எல்லோருக்கும் பால்பருவத்திலிருந்தே தெரிந்த பாடம்தானே. குட்டிகள் கத்தலை நிறுத்தின. பசி ஆறிவிட்டது என்று நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம்.

முதல் குட்டிக்குப் பால் புரையேறி மூக்கின் வழியே நுரைத்து வந்தது. துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். மறுநாளே மூச்சு விடும்போது உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது; இரண்டாம் நாள் இரவு அது இறந்தது. இரண்டாவது குட்டிக்குப் புளித்த நாற்றத்துடன் மஞ்சளாக வயிற்றுப்போக்கு கண்டது. தோல் சுருங்கி, கத்தக்கூடத் தெம்பில்லாமல் மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. எஞ்சிய ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எடை என்ன?" வாழ்நாளெல்லாம் தபாலையும் பார்சலையும் எடை போட்டே சம்பளம் வாங்கிய எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அவரே தராசில் வைத்துப் பார்த்தார். 148 கிராம்.

அன்று அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும், அந்தக் குட்டியே கற்றுக்கொடுத்தவற்றையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

பிறந்த பூனைக்குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். நலமாக வளரும் குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூடி, இரண்டாம் வாரம் முடிவதற்குள் பிறந்த எடையைப் போல் இரு மடங்காகி, ஒரு மாதத்தில் 400 கிராமைத் தாண்டும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றால் கவனிக்க வேண்டும். இறங்கியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கத்தாமல் தூங்குகிற குட்டி வயிறு நிறைந்து தூங்குகிறதா, தெம்பு வற்றிக் கிடக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தராசு சொல்லிவிடும். எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர், நாள்தோறும் காலையில் கடை திறந்ததும் தம் மின்தராசில் தங்கள் நாளிதழின் ஒரு தாளை விரித்து, குட்டி இருந்த பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் வைக்கச் சொல்லி, டப்பாவின் எடையைக் கழித்து, கடன் பற்றெழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக் கொடுத்தார். ஐந்து கிராமுக்குக் குறைந்த மாற்றத்தை அந்தத் தராசு காட்டாது. ஆனாலும் எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இனிப் பாலுக்கு வருகிறேன். பசும்பாலில் நூற்றுக்கு மூன்று, மூன்றரை பங்கு புரதம் இருக்கிறது. தாய்ப்பூனையின் பாலிலோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் புரதம் உண்டு, கொழுப்பும் கூடுதல். ஆகவே குட்டிக்கு வேண்டிய சத்தைப் பசும்பாலிலிருந்து எடுக்க வேண்டுமானால் அளவுக்கு மீறிப் புகட்ட வேண்டும். அப்படிப் புகட்டும்போது பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரையும் அளவுக்கு மீறி உள்ளே போய், செரிக்காமல் குடலில் தங்கி, நீரை இழுத்துப் புளித்து வயிற்றுப்போக்காக வெளியேறுகிறது. 150 கிராம் உடம்பில் இழப்பதற்கு எவ்வளவு நீர்தான் இருக்கும்? செரிப்பதற்கு எளிதாகட்டும் என்று நாங்கள் தண்ணீர் கலந்தோமே, அது இருந்த சத்தையும் பாதியாக்கியதுதான் மிச்சம். கைக்குழந்தைகளுக்கான பால்பொடியும் இதற்கு ஆகாது. தாயில்லாக் குட்டிக்கு ஏற்றது, பூனைக்குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்படும் பால்பொடி ஒன்றுதான். அதைக் காய்ச்சி ஆறிய வெந்நீரில், உறையில் குறித்த அளவில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இளஞ்சூடாக உணரும் பதத்தில் கொடுக்க வேண்டும்.

பாலுக்கு முன் சூடு என்பதை மருத்துவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன்கூட இராது. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடம்பும்தான் அதற்குப் போர்வை. உடம்பு சில்லிட்ட குட்டியின் குடல் இயங்குவதில்லை. அந்த நிலையில் ஊட்டும் பால் வயிற்றிலேயே கெட்டுப்போகும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்து, சூடு மிகுந்தால் குட்டி விலகிப் போக மறுபக்கத்தை விட்டுவைத்தோம். உடம்பு கதகதப்பாகும் வரை பால் இல்லை. நம் ஊர் வெயிலில் குட்டிக்குக் குளிருமா என்று கேட்பவர்கள் சிமென்ட் தரையில் விடியற்காலை ஒரு முறை கை வைத்துப் பார்க்கட்டும்.

குட்டி பால் குடிக்க வேண்டிய நிலை, தாயிடம் அது எப்படிக் குடிக்குமோ அதே நிலைதான். வயிறு தரையில் படிய, தலை சற்றே உயர்ந்திருக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் சேரும். கைக்குழந்தைப் புட்டியும் பாலாடையும் இங்க் ஃபில்லரும் இதே ஆபத்தைத்தான் செய்கின்றன. குட்டி விழுங்கும் வேகத்துக்கு அல்ல, நம் கை சாயும் வேகத்துக்குப் பால் இறங்குகிறது. குட்டிகளுக்கென்று விற்கும் சிறிய புட்டி உண்டு. அதைக் கவிழ்த்துப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. அது கிடைக்காதபோது ஊசி நீக்கிய சிறு சிரிஞ்சால் துளித்துளியாக விடலாம். ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி லிட்டர் அளவே அந்த வயிறு கொள்ளும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, அடுத்த இரு வாரங்களில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று இரவும் பகலும் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரவு முறை என்னுடையது. ரயில்வே தபால் பிரிப்பில் சில காலம் விழித்துப் பழகியது முதுமையில் இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பலர் அறியாத இன்னொன்று உண்டு. மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய்ப்பூனை நக்கி நக்கித்தான் கழிக்க வைக்கும். தாய் இல்லாத இடத்தில், ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தை மெல்ல ஒற்றிவிட வேண்டியது வளர்ப்பவரின் கடமை. பாலை ஒழுங்காகக் கொடுத்தும் இதைச் செய்யாமல் விட்டால் குட்டி வயிறு உப்பி வேதனைப்படும்.

பால் மறக்கடிக்கும் கட்டத்தைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன். ஏனெனில் குட்டி பிழைத்துவிட்டது என்று நாம் கவனத்தைத் தளர்த்துவது இங்கேதான். மூன்றாம் வாரத்தில் முன்பற்களும், தொடர்ந்து கோரைப்பற்களும் முளைக்கின்றன. மனிதக் குழந்தைக்குப் பால்குடி மறக்க வேப்பெண்ணெய் தடவுவார்கள். பூனைக்கு அந்த வேலையைக் குட்டியின் பல்லே செய்துவிடுகிறது. காம்பு வலிக்கத் தொடங்கியதும் தாய் பாதியில் எழுந்து போகும், குட்டி ஏற முடியாத உயரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், பிடித்த இரையை வாயில் கவ்வி வந்து முன்னால் போடும். ஏறத்தாழ நான்காம் வாரம் தொடங்கி எட்டாம் வாரம் வரை இப்படி மெல்ல மெல்ல நடப்பதை, நாம் ஒரே நாளில் புட்டியைப் பிடுங்கிவிட்டுத் தட்டை நீட்டி முடிக்கப் பார்க்கிறோம்.

எங்கள் குட்டி ஏறத்தாழ நான்கு வாரமானபோது புட்டியின் ரப்பர் நுனியைக் கடித்துத் துண்டாக்கியது. அதுதான் அறிகுறி என்றார் மருத்துவர். சம்படத்தின் எவர்சில்வர் மூடி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் தட்டையான தட்டாக அமைந்தது. அதில் அதே பாலை ஊற்றி வைத்தோம். குட்டி முன்னங்கால் இரண்டையும் அதற்குள் வைத்து நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது. முகத்தைப் பாலில் அழுத்திப் பழக்கலாமே என்று வந்தவர்கள் சொன்னார்கள். அது கூடாது, மறுபடியும் மூக்கில் ஏறும். விரலில் தொட்டு வாயருகே காட்டி, அது நக்க நக்க விரலைத் தாழ்த்தித் தட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு தும்மல், மீசையெல்லாம் பால், பிறகு சின்னஞ்சிறு நாக்கு தானாக நாலு முறை நக்கியது. அவ்வளவுதான் அன்றைக்கு. மிச்சப் பசிக்குப் புட்டியே கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்தினோம். நனைந்த குட்டி உடனே சில்லிட்டுப்போகும்.

தட்டில் நக்கப் பழகிய பின், குட்டிகளுக்கான ஈர உணவைப் பாலில் கரைத்துக் கூழாக்கி, நாளுக்கு நாள் பாலைக் குறைத்துக் கெட்டியாக்கினோம். இடையில் இரண்டு நாள் எடை 390 கிராமிலேயே நின்றுவிட்டது. பற்று நோட்டைப் பார்த்துக் கடைக்காரர்தான் முதலில் பதறினார். அவசரப்பட்டுவிட்டீர்கள், இரவில் மட்டும் மறுபடி புட்டி கொடுங்கள் என்று மருத்துவர் சொன்னார். மூன்றாம் நாள் 400ஐத் தாண்டியது. மலம் இளகினாலும் இதே முறைதான்: ஓர் அடி பின்வாங்கி, தேறியபின் மறுபடி முன்னேறுவது. ஆறாம் வாரத்தில் உலர் உணவை நீரில் ஊறவைத்தும், எட்டாம் வாரத்தில் ஊறவைக்காமலும், நாளுக்கு நான்கு வேளையாகக் கொடுத்தோம். பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் தண்ணீர் இருந்தது. எட்டு வாரம் நிறைந்த அன்று எடை 780 கிராம்.

எங்கள் வீட்டில் புலால் சமைப்பதில்லை. பால்சோறும் தயிர்ச்சோறும் தின்று வளராத பூனையா என்று என் மனைவி கேட்டாள். எங்கள் பாட்டி வீட்டுப் பூனை தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்தது என்பதற்கு நானும் சாட்சி. ஆனால் அந்தப் பூனை நெற்குதிருக்கடியில் எலி பிடித்துத் தின்றதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பூனை ஊனுண்ணிப் பிராணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது; இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975இலும், இதயத் தசை தளரும் என்பது 1987இலும் ஆய்வுகளில் நிறுவப்பட்டன. எலிக்கும் பல்லிக்கும் வழியில்லாத அடுக்ககத்துப் பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் வைப்பது, அன்பாகவே செய்தாலும், அதன் கண்ணையும் இதயத்தையும் பட்டினி போடுவதாகும். கடைசியில் எதிர்வீட்டு அம்மாள் உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் கோழியை வேகவைத்து, நாராகக் கிள்ளி, வெந்த நீரோடு ஒரு மூடிபோட்ட கிண்ணத்தில் எங்கள் கொல்லைவாசல்வரை கொண்டுவந்து கொடுத்தார். வெந்த நீரைக் கொட்டினால் டாரினும் அதோடு போய்விடும் என்பதால் அதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே குழம்பில் கிடந்த துண்டைக் கழுவிப் போடுவதும் கூடாது. வெறும் கோழி இறைச்சியும் முழு உணவாகாது. சுண்ணாம்புச் சத்து போதாமல் வளரும் எலும்பு வலுவிழக்கும். குட்டிகளுக்கான தயாரிப்பு உணவை முதன்மையாக வைத்து, இதை இடையிடையே கொடுப்பதே சரி.

மருந்து குறித்து இரண்டே வரிகள். குடற்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடுவதால் மூன்று வாரத்திலிருந்தே புழுநீக்க மருந்து தேவைப்படும். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வைத்திருக்கும் பாரசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு நஞ்சு.

இவ்வளவும் தாயை உண்மையிலேயே இழந்த குட்டிக்குத்தான். தாய்ப்பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும் இடைவெளியில் தனியாகக் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைப் பார்த்து அநாதை என்று எடுத்துவருபவர்கள், தெரியாமல் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிடுகிறார்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதை நம்பி, எடுத்ததைத் திருப்பி வைக்கத் தயங்கவும் வேண்டாம். குட்டி கதகதப்பாக, வயிறு நிறைந்து தூங்குமானால் தாய் அருகில்தான் இருக்கிறது என்று பொருள். ஐயமிருந்தால் குட்டி கிடக்கும் இடத்தைச் சுற்றி வெறும் அரிசிக் கோலமாவை மெல்லத் தூவிவிட்டுச் சில மணி நேரம் விலகியிருங்கள். தாய் வந்து போயிருந்தால் பாதத் தடம் காட்டிக்கொடுக்கும். தாய் இருக்கும்போது நாம் செய்ய வேண்டியது தாய்க்குச் சோறு வைப்பது. பால் மறக்கும் வேலையையும் அதனிடமே விட்டுவிடுவது நல்லது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பூனைகள் பின்னாளில் சீறிப் பாயும் குணம் கூடுதலாகக் காட்டுவதை, ஏறத்தாழ 6,000 பூனைகளைப் பற்றி ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. கண் திறந்தவுடன் குட்டி கேட்டு வருபவர்களுக்கு எங்கள் தெருவில் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போகிறார்கள்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். படம் வெளியான அதே இடத்தில், வயிறு தரையில் படிய குட்டி பால் குடிக்கும் சரியான நிலையைக் காட்டும் படம் ஒன்றை, பசும்பால் கூடாது என்ற குறிப்போடு வெளியிட வேண்டும். மற்றது அரசின் கவனத்துக்கு. எங்கள் ஊரைப் போன்ற சிறு நகரங்களில் பூனைக்குட்டிப் பால்பொடி எந்தக் கடையிலும் இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை மருத்துவர் கொடுத்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அந்தக் குட்டியைப் பிடித்துவைத்திருந்தோம். கால்நடை மருந்தகங்கள் ஆடு மாடுகளுக்காக ஏற்பட்டவை என்பதை அறிவேன். ஆனாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு டப்பா பால்பொடியும் நான்கு சிறு புட்டிகளும் விலைக்குக் கிடைக்கும்படி இருப்பு வைப்பது பெரிய செலவாகிவிடாது.

அந்தச் சிறுமியின் வீடு தங்கள் செய்தியாளருக்குத் தெரிந்திருக்கும். அக்குட்டியை நாளைக் காலையே ஒரு தராசில் வைத்து எடை பார்க்கச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
மயிலாடுதுறை